சுத்தமான ழ

அந்த வீட்டுக்குள் நுழையச் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது. ழ சொல்ல வேண்டும்.

எல்லாரும் இல்லை, அத்தான் மட்டும். வேலை முடிந்து வந்து அவர் அழைப்புமணியை அடித்தால், அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அளவு நாடா கழுத்தில் தொங்க வந்து கதவைப் பாதி திறப்பாள். திறந்த பாதியிலும் தானே நின்றுகொள்வாள்.

“சொல்லுங்க.”

“பக்கத்து வீட்டுக்காரன் பாக்கறான்டி.”

“அவனும் கேக்கட்டும். சொல்லுங்க.”

“ஏழு கழுதை புழுதியில விழுந்து அழுதுச்சு, மழை வந்து கழுவிடுச்சு.”

“ம். உள்ள வாங்க.”

இது அக்கா கண்டுபிடித்த சோதனை அல்ல. அம்மாவுடையது. அப்பா வாய் நாற்றத்தைப் புதினா மிட்டாயில் மறைப்பார். தள்ளாட்டத்தைச் சுவரைப் பிடித்து மறைப்பார். நாக்கை மட்டும் மறைக்க முடிந்ததில்லை. ஒரு கிளாஸ் உள்ளே போனால் ழ, ள ஆகும். இன்னொன்று போனால் ல. அதற்கு மேல் போனால் வெறும் காற்றுதான் வரும். எந்த எழுத்து வருகிறது என்று பார்த்து, சாப்பாடு போடுவதா, சமையலறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துகொள்வதா என்று அம்மா முடிவுசெய்வாள். அப்பாவும் போய், அம்மாவும் போன பிறகு, அந்த ஏழு கழுதைகள் அக்காவுக்கு வந்து சேர்ந்தன. கட்டிக்கொண்டவரும் குடிக்கிறவராக அமைந்ததால் அவற்றுக்கு வேலையும் இருந்தது.

ஆனால் இப்போதெல்லாம் அக்கா அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அத்தான் குடியை விட்டுவிட்டார். வேலையில் ஒருமுறை எச்சரித்து அனுப்பிய பிறகு திருந்திவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் குடித்துவிட்டு வந்தால் யார் வைத்துக்கொள்வார்கள்? தினமும் ழ சுத்தமாக வருகிறது. அக்காவின் முகத்தில் களை திரும்பியிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் அச்சுப்படிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கைக்காரிதான் சிரிக்கவில்லை.

அவளை அத்தான் ‘டிகிரி’ என்று கூப்பிடுவார். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பாடப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறாள். ல, ள, ழ மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அதனால் அவள் காதுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. குடிக்காத அத்தானின் ழ, ஓர் அரைகுறை ழ. நாக்கு மேலே போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வரும். குடித்தால் அந்தப் பாதியும் வராது. இப்போது வருவதோ முழு ழ. ஒவ்வொன்றும் செதுக்கி எடுத்தது, செய்தி வாசிக்கிறவன் வாயிலிருந்து விழுவது போல.

சமையலறையில் அக்காவைப் பிடித்தாள்.

“அக்கா, அவரு குடிச்சிருக்காரு.”

“அதான் நல்லா சொன்னாரேடி.”

“நல்லா சொன்னதாலதான் சொல்றேன்.”

அக்கா கரண்டியை வைத்தாள். “மோசமா சொன்னா குடிச்சிருக்காரு. நல்லா சொன்னாலும் குடிச்சிருக்காரு. அப்ப அந்த மனுஷன் என்னதான் பண்ணணும்? ஊமையாயிடணுமா?”

“குடிக்காதவன் எவன் இவ்ளோ சுத்தமா ழ சொல்றான்? நீ சொல்றியா? நான் சொல்றேனா? வாயில ஏதோ வச்சு அழுத்துற மாதிரி இருக்கு.”

“உனக்கு எதுலயும் ஒரு பிழை கண்டுபிடிக்கணும். ஆபீசோட நிறுத்திக்க.”

வரவேற்பறையிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார். “என்ன டிகிரி, தீர்ப்பு வந்துடுச்சா? தூக்கா, ஆயுளா?”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கு மேல் என்ன பேசுவது?

தங்கையின் பேச்சு எடுபடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் மறதிக்காரி. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜில் வைப்பாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். படித்த காலமெல்லாம் ‘கவனமில்லாத பெண்’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள். அடுத்தவர் ஒரு மணி நேரத்தில் படித்ததை நாள் முழுக்க உட்கார்ந்து, தன் தொடையைத் தானே கிள்ளிக் கிள்ளிப் படித்துத்தான் அந்தப் பட்டத்தை வாங்கினாள். வேலைக்குப் போன பிறகு, சொந்தக் காசில், ஒரு மருத்துவரிடம் போனாள். அது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை, ஒரு குறைபாடு, அதற்கு மாத்திரை இருக்கிறது என்று அவர் சொன்னபோது அவளுக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் அடி வாங்க வைத்தீர்களே!

எழுதிக்கொடுக்கும் முன் மருத்துவர் கேட்டார்: “குடிக்கிற பழக்கம் உண்டா?”

“எங்கப்பா குடிச்சாரு. அதுக்கு நானும் குடிக்கணுமா?” என்று வெடித்தாள்.

“கோபப்படாதீங்க. எல்லார்கிட்டயும் கேப்பேன். இந்த மாத்திரை உள்ள இருக்கும்போது குடிச்சா, குடிச்சதே தெரியாது. அதான் ஆபத்து.”

தனக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று அதைக் காதோடு விட்டுவிட்டாள்.

அந்த மாத்திரைகள்தான் குறைந்துகொண்டே வந்தன. மாதம் முடியும் முன்பே அட்டை காலியானது. போன மாதம் ஒரு முழு அட்டையையே காணவில்லை. பேருந்தில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அக்காவிடம் கேட்டதற்கு, “நீயே முழுங்கிட்டு மறந்திருப்ப” என்று பதில் வந்தது. அத்தான் இன்னும் கரிசனமாகச் சொன்னார்: “மறதிக்கு மாத்திரை போடற, மாத்திரை போட்டதையே மறந்துடற. டோஸ் பத்தலையோ என்னமோ.”

கொஞ்ச நாள் அவளும் அதை நம்பினாள். அதுதான் கொடுமை. தன் மீதே சந்தேகப்பட்டு, ஒருநாள் போட வேண்டிய மாத்திரையைப் போடாமல் போய், ஒரு பக்கம் முழுக்கப் பிழைகளை விட்டுத் திட்டு வாங்கினாள். அன்று சாயங்காலம்தான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மாத்திரை அட்டையை எடுத்து, குளியலறை அலமாரியில் இருந்த மாதவிலக்கு நாப்கின் பெட்டிக்குள், அடியில் செருகி வைத்தாள்.

அதன்பிறகு ஒன்றுகூடக் குறையவில்லை.

ஆக, அது அவள் மறதி இல்லை. இடம் மாற்றினால் மறதியும் இடம் மாறுமா என்ன? அந்தப் பெட்டியை அக்காவும் திறப்பாள், தங்கையும் திறப்பாள். கை வைக்கக் கூசுகிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான்.

மருத்துவர் சொன்னது அப்போதுதான் காதிலிருந்து மூளைக்கு இறங்கியது. குடிச்சா, குடிச்சதே தெரியாது. செதுக்கிய ழ.

மறுபடி அக்காவிடம் போனாள். துணி வெட்டிக்கொண்டிருந்த அக்கா கத்தரிக்கோலை நிறுத்தாமலே கேட்டாள்: “உன் மாத்திரை அவருக்கு எதுக்குடி? அவரும் பரீட்சை எழுதப் போறாரா?”

“தினமும் உன் வாசல்ல எழுதறாரேக்கா.”

கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. “போய் வேலையப் பாரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அத்தானின் கம்பெனி ஒரு விருந்து வைத்தது. ஒரு பெரிய கட்டடத்துக்கு லிஃப்ட் எல்லாம் மாட்டி முடித்த சந்தோஷம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கம்பெனி வேனை ஓட்டி வந்ததே அத்தான்தான். திரும்பும்போது மூன்று குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போவதும் அவர் பொறுப்பு.

ஹோட்டலின் மாடி ஹாலில் நீளமான மேசைகள். ஆண்கள் ஒரு பக்கம், பாட்டில்கள் அவர்கள் பக்கம். அக்கா மற்ற பெண்களோடு ரவிக்கை அளவு பேசிக்கொண்டிருந்தாள். தங்கை தட்டைப் பார்க்கவில்லை. அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கிளாஸில் இருந்தது குளிர்பானம் போலத்தான் தெரிந்தது. ஆனால் அது தீரும்போதெல்லாம் ‘ஸ்பேனர்’ என்று எல்லாரும் கூப்பிடும் அவருடைய கூட்டாளி, மேசைக்குக் கீழே கையை விட்டு எதையோ ஊற்றினான். மற்றவர்கள் உளற ஆரம்பித்திருந்தார்கள். ஒருவன் பாடினான், ஒருவன் அழுதான். அத்தான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, கணக்கு வாத்தியார் மாதிரி, கேபிளின் இழுவிசையைப் பற்றித் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“பாறைடா இவன்!” என்றான் ஸ்பேனர். “ஒரு லாரி ஊத்தினாலும் அசைய மாட்டான்.”

தங்கை எழுந்து அருகில் போனாள். பாறைக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. ஏசி ஓடுகிற அறையில் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. தாடையை அரைத்துக்கொண்டே இருந்தார். உதடு வறண்டு, நாக்கு அதை நக்கி நக்கி ஓய்ந்தது. கழுத்து நரம்பு தோலுக்கு வெளியே வரப் பார்ப்பதுபோலத் துடித்தது.

“அத்தான், சாவியக் குடுங்க.”

“எதுக்கு?”

“வேற யாராவது ஓட்டட்டும். இல்ல, எல்லாரும் பஸ்ல போகலாம். நீங்க குடிச்சிருக்கீங்க.”

மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். ஏற்கெனவே எச்சரித்து அனுப்பியவர் அவர்தான். அத்தானின் முகம் ஒரு நொடி செத்து, மறுபடி உயிர் பெற்றது.

“எங்க டிகிரிக்கு எப்பவும் சந்தேகம்,” என்று சிரித்தார். “அவ அக்காவையே கேளுங்க. இந்தாடி, இங்க வா. எல்லார் முன்னாடியும் கேளு.”

அக்கா வந்தாள். தங்கையை ஒரு முறை முறைத்தாள். “மானத்த வாங்கறியா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, கணவனிடம் திரும்பினாள். “சொல்லுங்க.”

அத்தான் எழுந்து நின்றார். எதையும் பிடிக்காமல் நின்றார். “ஏழு கழுதை புழுதியில விழுந்து அழுதுச்சு, மழை வந்து கழுவிடுச்சு.” ஒரு முறை போதாதென்று, இன்னொரு முறை வேகமாகச் சொன்னார். ஒரு ழ-கூடத் தவறவில்லை. மேசை கைதட்டியது. ஸ்பேனர் விசில் அடித்தான்.

“போதுமாடி?” என்றாள் அக்கா.

தங்கைக்குக் காது வரை சுட்டது. அப்பாவிடம் அடி வாங்கியபோதுகூட இத்தனை பேர் பார்த்ததில்லை. பேசாமல் உட்கார்ந்துவிடலாம், இவர்கள் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இருந்தது. ஆனால் கீழே நிற்பது மூன்று குடும்பம் ஏறுகிற வேன். அதில் அக்காவும் ஏறுவாள்.

“நாக்க விடுக்கா. நாக்குக்குத்தான் மாத்திரை போட்டிருக்காரே. அவரு நெஞ்சுல கைய வை.”

“ஏய்!”

“ஒரு தடவை வை. அப்புறம் என்னை எவ்ளோ வேணா திட்டு. வீட்ட விட்டே போகச் சொல்லு, போறேன்.”

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு, அவள் வாயை அடைக்கவாவது என்று, கணவனின் சட்டை மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

வருஷக்கணக்காக மோட்டார் மெஷினில் உட்காருகிறவள் அவள். துணி மாட்டாமல், நூல் அறுந்தது தெரியாமல், பெடலை அழுத்தினால் மெஷின் வெறுமனே கடகடவென்று பறக்கும். கையை வைத்தால் மேசையே அதிரும். அந்த அதிர்வு இப்போது கணவனின் நெஞ்சுக்குள் இருந்தது. நடுவில் ஒரு துடிப்பு தடுக்கியது. பிறகு இரண்டு ஒன்றாக ஓடின.

“என்னங்க, என்ன போட்டீங்க?”

“ஒண்ணுமில்லடி.”

“என்ன போட்டீங்க?”

ஸ்பேனர்தான், போதையில் பெருமையாகச் சொன்னான்: “தெளி மாத்திரை அண்ணி! நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒண்ணு போட்டா தெளியும். இன்னிக்கி விருந்துனு ரெண்டு மூணு போட்டிருப்பான்.”

அத்தான் அவனை அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை நெஞ்சுக்குத் திரும்பி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில், நெஞ்சில் ஒட்டிய கம்பிகளோடு படுத்திருந்தார். மருத்துவர், இளம் பெண், திரையில் ஓடிய கோட்டைப் பார்த்து முகம் சுளித்து, “இதோ வரேன், அதுக்குள்ள அவர் என்ன சாப்பிட்டாருன்னு ஞாபகப்படுத்தி வைங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். சூப்பர்வைசர் வெளியே நின்றார்.

அத்தான் தலையைத் திருப்பினார். “டிகிரி.”

“சொல்லுங்க.”

“நீதான மறதிக்காரி. எனக்குத் தலைவலினு கேட்டேன், நீ மறந்தாப்பல உன் மாத்திரைய எடுத்துக் குடுத்துட்ட. இன்னிக்கி ஒரு நாள் மட்டும். அப்படிச் சொல்லிடு. உனக்கு ஒண்ணும் ஆகாது, எல்லாருக்கும் தெரியும் உன்னைப் பத்தி. எனக்கு வேலை போயிடும்.”

நெஞ்சு அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதும் அந்த மூளை எவ்வளவு தெளிவாக வேலை செய்கிறது என்று பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

“ஒரு வார்த்தைதானேடி,” என்றாள் அக்கா, தரையிடம்.

மருத்துவர் திரும்பி வந்தாள். “ம், சொல்லுங்க. என்ன மாத்திரை?”

“என்னோட மாத்திரை,” என்றாள் தங்கை. வீட்டில் விட்டுவர மனமில்லாமல் பையில் போட்டுவந்த அட்டையை எடுத்து நீட்டினாள். அத்தானின் கண்கள் அவள் மேல் நம்பிக்கையோடு நின்றன. “நான் குடுக்கல. அவரா எடுத்தாரு, போன மாசம் ஒரு முழு அட்டையே காணோம். இன்னிக்கி மட்டும் இல்ல, வாரக்கணக்கா எடுக்கறாரு. குடிச்சது தெரியாம இருக்கறதுக்கு. இன்னிக்கி ஒண்ணுக்கு மேல போட்டிருக்காரு. மதியத்துலேருந்து ஊத்திக்கிட்டே இருந்தாரு, அளவு தெரியாது.”

“அவ மறதிக்காரி, டாக்டர்,” என்றார் அத்தான்.

மருத்துவர் அவரைப் பார்க்கவே இல்லை. அட்டையைத்தான் பார்த்தாள். “நல்லவேளை சொன்னீங்க. இது போதையத் தெளிய வைக்காதுங்க. மறைக்கும், அவ்ளோதான். குடிச்சதெல்லாம் ரத்தத்துல அப்படியே இருக்கு. ஏறலையேன்னு இவரு மேல மேல குடிச்சிருப்பாரு. ரெண்டும் சேந்து இதயத்த விரட்டியிருக்கு, துடிப்பு தாறுமாறா இருக்கு. இதோட முடியல. மாத்திரை வேகம் இறங்க இறங்க, குடிச்சது மொத்தமும் வந்து அமுக்கும். அப்ப மூச்சப் பாத்துக்கணும். தலைவலி மாத்திரை, ஒரு கிளாஸ்னு சொல்லியிருந்தீங்கன்னா, கொஞ்ச நேரத்துல தெளிவா இருக்காரேன்னு நாங்களே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.”

அக்கா சுவரில் சாய்ந்தாள்.

வெளியே வந்த தங்கையைச் சூப்பர்வைசர் வழிமறித்தார். “என்னம்மா சொல்றாங்க? குடிதானே? மறைக்காம சொல்லு.”

அவரும் அந்த மேசையில் கைதட்டியவர்தான் என்பது அவளுக்கு நினைவிருந்தது. “அவரு உடம்பப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட அவரே சொல்வாரு. ஆனா அவர் சொல்ற வரைக்கும் எந்த லிஃப்ட் பக்கமும் விடாதீங்க. ஜனங்க ஏறி இறங்கறது.”

“அப்ப விஷயம் இருக்கு.”

“இருக்குன்னு நீங்களும் சந்தேகப்பட்டிருக்கணும். உங்களுக்கு அது வேலை. எனக்கு அவர் அத்தான்.”

அவர் படியிறங்கிப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வெளியே வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தாள். கழுத்தில் அளவு நாடா இல்லாததால் கை சும்மா சும்மா அங்கே போய்த் தேடியது.

“சூப்பர்வைசர்கிட்ட நீ என்ன சொன்னேன்னு உங்கத்தான் கேக்கறாரு.”

“அவரையே சொல்லச் சொன்னேன்னு சொல்லு.”

“சொல்லலேன்னா?”

“அப்ப நான் சொல்லுவேன்.”

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று தங்கை நினைத்தாள். அக்கா கேட்டது வேறு: “தினமும் வாசல்ல நின்னு கேட்டேனேடி. ஒரு நாளாவது குடிக்காம வந்திருப்பாரா?”

“தெரியலக்கா.”

“எது நல்ல நாள், எது மாத்திரை நாள்னு இனிமே எதை வச்சுப் பிரிப்பேன்?”

தங்கைக்குப் பிழையைச் சுட்டத் தெரியும். இதைத் திருத்தத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “மாத்திரை வேகம் இறங்க ஆரம்பிச்சிடுச்சு. கண்ணு சொருகுது. யாராவது ஒருத்தர் உள்ள வந்து பக்கத்துல உக்காருங்க. கூப்பிட்டா பதில் வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். ஏதோ உளறிட்டே இருக்காரு, இனிமே தொட மாட்டேன், சத்தியம்னு.”

அக்கா எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து, விட்ட நாற்காலியையும் தாண்டி, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ போடி,” என்றாள். “நான் போனா நம்பிடுவேன்.”